வால்டாக்ஸ் சாலையிலிருந்து கண்ணகி நகர் வரை

தமிழில் ‘குப்பை’ என்ற சொல்லுக்குக் கழிவு என்ற பொருளோடு குவியல் என்ற பொருளும் உண்டு என்பதைச் சிவகங்கை மாவட்டத்து நெற்குப்பை என்னும் ஊர்ப்பெயர் இன்றும் காட்டி நிற்கிறது. வேளாண்மையை நம்பியிருந்த ஊர்களில் வீட்டைப் பெருக்கிக் கூட்டிய தூசும், அடுப்புச் சாம்பலும், மாட்டுச் சாணமும் கொல்லைப்புறத்து எருக்குழியில் சேர்ந்து, மக்கி, வண்டியேறி வயலுக்குப் போயின. ஆகவே குப்பைக்கு அங்கே உரியவர் ஒருவர் இருந்தார். அடுத்தவர் குப்பைமேட்டில் கைவைத்தால் சண்டை வரும் அளவுக்கு அது உடைமையாகவும் இருந்தது. நகரத்தில் இந்தத் தொடர்பு அறுந்துபோகிறது. வாசற்படியைத் தாண்டியதும் கழிவு யாருடையதும் அல்லாததாகிவிடுகிறது; வீட்டின் வெளிச்சுவரும் ஏறக்குறைய அப்படித்தான், உட்புறம் உரிமையாளருக்கும் வெளிப்புறம் வழிப்போக்கர் எல்லாருக்கும் என்று ஆகிவிடுகிறது. சென்னையில் இந்த இரண்டையும், தெருவில் விழுந்ததையும் சுவரில் ஏறியதையும், ஒழுங்குபடுத்த முந்நூற்றைம்பது ஆண்டுகளாக நடந்துவரும் முயற்சிகளை ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது, அவற்றில் பெரும்பாலானவை அகற்றும் முயற்சிகளாக இல்லாமல் இடம் மாற்றும் முயற்சிகளாகவே இருந்தது தெரியவருகிறது.

ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி 1639இல் இடம் பெற்று எழுப்பிய புனித ஜார்ஜ் கோட்டைக்கு உள்ளே ஐரோப்பியர் குடியிருந்த வெள்ளையர் நகரமும், அதற்கு வடக்கே நெசவாளர், வணிகர், துபாஷிகள் முதலானோர் வாழ்ந்த கறுப்பர் நகரமும் வளர்ந்தன. 1678 முதல் 1681 வரை ஆளுநராக இருந்த ஸ்ட்ரெய்ன்ஷாம் மாஸ்டர் கணக்கிலும் ஒழுங்கிலும் கண்டிப்பானவர். தெருக்களைப் பெருக்கும் செலவுக்காக வீடுகள்மீது ஒரு சிறு வரியை விதிக்க முற்பட்டவரும் அவரே. அந்தப் பணியைப் பார்த்துக்கொள்ள அமர்த்தப்பட்ட அலுவலரின் பதவிக்கு ‘ஸ்காவெஞ்சர்’ என்று பெயர். இங்கிலாந்தின் பழைய நகரங்களில் அச்சொல் சுங்கம் வாங்கும் அலுவலரைக் குறித்து, பிறகு தெருத் துப்புரவை மேற்பார்க்கும் அலுவலரைக் குறித்து, கடைசியில்தான் துடைப்பம் பிடிக்கும் தொழிலாளியைக் குறிக்கலாயிற்று. சென்னைக்கு அது வந்து சேர்ந்தபோது இன்னும் அதிகாரியின் பெயராகவே இருந்தது, கம்பெனி ஊழியர் ஒருவர் கௌரவமாக வகித்த பதவியாக. அதே சொல் இருபதாம் நூற்றாண்டுச் சென்னையில் எந்தச் சாதியினரை நினைவூட்டும் சொல்லாக மாறியது என்பதை எண்ணிப் பார்த்தால், வரி வாங்கியவர் மேலே போக வேலை செய்தவர் கீழே தங்கிய கதை ஒரே சொல்லுக்குள் அடங்கியிருப்பது தெரியும்.

வரியை மக்கள் விரும்பவில்லை. கறுப்பர் நகரத்துக் குடிகள் தங்களுக்குப் பழக்கமில்லாத இந்த வீட்டுவரியை எதிர்த்து முறையிட்டார்கள். 1680களில் மதில் கட்டுவதற்கென்று விதிக்க முயன்ற வரியின்போதும் எதிர்ப்பு எழுந்தது. இலண்டனில் கம்பெனியை ஆட்டுவித்துக்கொண்டிருந்த சர் ஜோசையா சைல்டு இதற்கு ஒரு தந்திரமான மருந்தைக் கண்டுபிடித்தார். ஆளுநர் விதிக்கும் சிறு தொகையைத் தர மறுக்கும் மக்கள், தம்மவரே அமர்ந்து விதிக்கும் பெருந்தொகையை மனமுவந்து தருவார்கள் என்பது அவர் கணக்கு. அதன்படி 1687 டிசம்பரில் பட்டயம் பெறப்பட்டு, 1688 செப்டம்பர் 29 அன்று சென்னை மாநகராட்சி தொடங்கிவைக்கப்பட்டது. நத்தேனியல் ஹிக்கின்சன் முதல் மேயரானார். ஆங்கிலேயரோடு போர்ச்சுகீசியரும் யூதரும் இந்து வணிகர்களும் ஆல்டர்மேன்கள் எனப்பட்ட பன்னிரண்டு மூத்த உறுப்பினர்களில் இடம்பெற்றார்கள். நகர மண்டபம், பள்ளிக்கூடம், சிறை, தெருத் துப்புரவு ஆகியவற்றுக்கு வரி வாங்குவதே அமைப்பின் நோக்கம். சிவப்பு மேலங்கி, வெள்ளிச் செங்கோல், ஊர்வலம் என்று சடங்குகளெல்லாம் குறைவின்றி நடந்தன, வரிதான் வரவில்லை. இந்தியாவின் மிகப் பழைய மாநகராட்சி என்று பெருமையோடு குறிப்பிடப்படும் அமைப்பு, சரியாகச் சொன்னால், தெருவைப் பெருக்கும் செலவை யார் தலையில் கட்டுவது என்ற கேள்விக்கு விடையாகப் பிறந்து, அந்த விடையைத் தர இயலாமல் நெடுங்காலம் தடுமாறிய அமைப்பாகும்.

வரியும் சுவரும் ஒன்றாகக் கைகோத்த இன்னொரு நிகழ்ச்சி பதினெட்டாம் நூற்றாண்டில் நடந்தது. 1746இல் பிரெஞ்சுக்காரரிடம் கோட்டையை இழந்து 1749இல் திரும்பப் பெற்ற கம்பெனி, கோட்டைக்கு எதிரே பகைவர் மறைந்து நிற்க இடம் இருக்கக் கூடாதென்று பழைய கறுப்பர் நகரத்தை இடித்துத் தரைமட்டமாக்கியது. முத்தியால்பேட்டை, பெத்தநாயக்கன்பேட்டை ஆகியவற்றைச் சேர்த்துப் புதிய கறுப்பர் நகரம் உருவாயிற்று. இதுவே பின்னாளைய ஜார்ஜ் டவுன். ஹைதர் அலியின் குதிரைப்படை சென்னைப் புறநகர்வரை வந்துபோன அச்சத்தில் இந்நகரத்தைச் சுற்றி 1770ஐ ஒட்டிய ஆண்டுகளில் பால் பென்ஃபீல்டு என்ற ஒப்பந்தக்காரர் மதில் எழுப்பினார். செலவைக் குடிகளிடம் வரியாக வாங்கத் திட்டமிட்டார்கள். ஆனால் அப்படி வாங்கும் சட்ட அதிகாரம் உண்டா என்ற ஐயத்தில் திட்டம் கைவிடப்பட்டது. மதிலின் பெரும்பகுதி பிற்பாடு இடிக்கப்பட்டு, மேலே தோட்டம் அமைந்த ஒரு துண்டு மட்டும் மாடிப்பூங்கா என்ற பெயரோடு இராயபுரத்துப் பக்கம் எஞ்சியுள்ளது. வாங்கப்படாத அந்த வரியின் பெயரோ சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டி வடக்கே செல்லும் சாலைக்கு ஒட்டிக்கொண்டு வால்டாக்ஸ் ரோடு என்று இன்னும் வழங்குகிறது.

தெருத் துப்புரவுக்கு உறுதியான சட்ட அடிப்படை 1793இல்தான் கிடைத்தது. அவ்வாண்டு பிரிட்டிஷ் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பட்டயச் சட்டம், சென்னை, கல்கத்தா, பம்பாய் ஆகிய மூன்று நகரங்களிலும் ‘ஜஸ்டிஸ் ஆப் தி பீஸ்’ எனப்பட்ட அமைதி நீதிபதிகளை அமர்த்தவும், தெருக்களைப் பெருக்கவும் காவல் காக்கவும் செப்பனிடவும் வீடுகள்மீது வரி விதிக்கவும் அவர்களுக்கு அதிகாரம் அளித்தது. 1856இன் 14ஆம் சட்டம் இந்த மூன்று நகரங்களின் ‘கன்சர்வன்சி’க்கென்றே இயற்றப்பட்டது. பாதுகாத்தல் என்று பொருள்படும் இந்த ஆங்கிலச் சொல் இந்திய நகராட்சிகளின் அலுவல் மொழியில் குப்பை கூட்டுவதற்கும் மலம் அள்ளுவதற்கும் உரிய இடக்கரடக்கலாக மாறியது விந்தையானது; அள்ளுபவர் பெயரைச் சொல்லாமலே வேலையைச் சொல்ல அது உதவியது. 1867ஆம் ஆண்டுச் சட்டம் நகரை எட்டுக் கோட்டங்களாகப் பிரித்து, 32 ஆணையர்களை நியமிக்க வழிசெய்தது. வாந்திபேதியும் காய்ச்சலும் போர்க்களத்தைவிட மிகுதியாகப் படைவீரர்களைக் கொல்கின்றன என்று 1863இல் அரச ஆணையம் ஒன்று அறிக்கை கொடுத்ததையடுத்து, 1864இல் சென்னைச் சுகாதார ஆணையம் அமைந்தது. பிளாரன்ஸ் நைட்டிங்கேல் இலண்டனிலிருந்தபடியே அதன் தலைவர் ராபர்ட் எல்லிசுடன் கடிதப் போக்குவரத்து வைத்துச் சென்னையின் சாக்கடைகளைப் பற்றி ஆலோசனை கூறிவந்தார். கேப்டன் டல்லக் என்ற பொறியாளர் 1865இல் நகர் முழுமைக்கும் ஒரு கழிவுநீர்த் திட்டத்தை வரைந்தும் கொடுத்தார். எனினும் நிலத்தடிக் குழாய்கள் நகரெங்கும் பரவுவதற்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன. அதுவரைக்கும், பல பகுதிகளில் அதற்குப் பின்னும், நகரத்தின் கழிவு மனிதக் கைகளாலும் மாட்டுவண்டிகளாலுமே வெளியேறியது.

அந்தக் காலத்து நகர அமைப்பே இதற்குச் சான்று கூறுகிறது. பழைய குடியிருப்புகளில் வீட்டு வரிசைகளின் பின்புறத்தில் ஆள் ஒருவர் கூடையோடு நுழையும் அகலத்துக்குச் சந்துகள் விடப்பட்டன. ‘கன்சர்வன்சி சந்து’ என்று ஆவணங்களில் குறிக்கப்படும் இவற்றின் வழியே தொழிலாளி வந்து, எடுப்புக் கக்கூஸின் சிறு கதவைத் திறந்து, மலத்தை வாளியில் அள்ளிக்கொண்டு போவார். முன்வாசலில் கோலமும் திண்ணையும் இருக்க, பின்சந்தில் இந்தப் போக்குவரத்து நடந்தது. ஒரே வீட்டுக்கு வந்துபோகும் இருவகை மனிதர்கள் ஒருவரையொருவர் எதிர்ப்படாமல் வாழும்படி கல்லாலும் சுண்ணாம்பாலும் கட்டப்பட்ட ஏற்பாடு அது. இந்த வேலைக்கு நகராட்சி அமர்த்தியவர்களில் பெரும்பாலோர் தெலுங்கு பேசும் ஒடுக்கப்பட்ட சாதியினர். ஆந்திரப் பகுதியிலிருந்து வந்து குடியேறியவர்களும் அருந்ததியர்களும் இவர்களில் அடங்குவர். நகராட்சி தந்த சிறு குடியிருப்புகளில் வாழ்ந்து, தந்தை பார்த்த வேலையை மகனும் தாய் பார்த்த வேலையை மகளும் ஏற்று, தலைமுறைகளாக இதிலேயே இருந்தார்கள். கிராமத்துப் பணியாளரைக் குறித்த ‘தோட்டி’ என்ற சொல் நகரத்தில் இழிவுச் சொல்லாகவே நிலைபெற்றது. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் நடுவண் சட்டம் 1993இல் ஒருமுறையும் விரிவான வடிவில் 2013இல் மறுமுறையும் இயற்றப்பட வேண்டியிருந்தது என்ற ஒன்றே, முதற்சட்டம் எவ்வளவு தூரம் நடைமுறைக்கு வந்தது என்பதைக் காட்டப் போதும்.

அள்ளிய குப்பை எங்கே போனது என்ற கேள்வியை நகராட்சி நெடுங்காலம் ஒரு கேள்வியாகவே கருதவில்லை. தாழ்நிலங்களும் குட்டைகளும் நகரைச் சுற்றிலும் நிறைய இருந்தன. குப்பையைக் கொட்டி மேடாக்கினால் நோய் பரப்பும் பள்ளமும் ஒழியும், மனைக்கு நிலமும் கிடைக்கும் என்று அது வரவுக் கணக்காகவே எண்ணப்பட்டது. சதுப்பு என்பது வீண்நிலம் என்று நம்பிய காலம் அது. அந்த நம்பிக்கையின் விலையைப் பின்வந்த தலைமுறைதான் கொடுக்க நேர்ந்தது.

சுவரின் வரலாறு சற்றுப் பிந்தித் தொடங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அச்சகங்கள் பெருகி, நாடகக் குழுக்கள் ஊர் ஊராகச் சுற்றியபோது, கொட்டு முழக்கத்தோடு வண்டியிலிருந்து வீசப்பட்ட ‘நோட்டீஸ்’தான் தெருவில் விழுந்த முதல் அச்சுக் குப்பை என்று கொள்ளலாம். அது சுவரில் ஏறியபோது சுவரொட்டி ஆயிற்று. ஆர். நடராஜ முதலியார் ‘கீசக வதம்’ எடுத்து மௌனப்படக் காலத்தைத் தென்னகத்தில் தொடங்கிவைத்த பிறகு, அதிலும் 1931இல் பேசும்படம் வந்த பிறகு, சினிமாவே சுவரின் முதன்மைக் குடியானது. சிவகாசியின் வண்ண அச்சகங்கள் அதற்குத் தீனி போட்டன. தமிழகத்துச் சுவரை நிரப்பிய தாளையும் தீபாவளிக்கு மறுநாள் தெருவை மூடிக்கிடக்கும் தாளையும் ஒரே ஊர் தந்துவந்திருக்கிறது என்பது வரலாற்றின் சிறு வேடிக்கை. பசை தடவிய சுவரொட்டியை நகரத்து மாடுகள் உரித்துத் தின்பது சென்னைவாசிகளுக்குப் பழகிய காட்சி. கிராமத்தில் மாட்டிடமிருந்து வயலுக்குப் போன சுழற்சி, நகரத்தில் மைதாப் பசையின் வழியே தலைகீழாக மாட்டுக்கே திரும்பியது.

அரசியல் சுவருக்கு வந்தபோது நிலைமை மாறியது. 1952 ஆகஸ்ட் 1 அன்று திராவிடர் கழகத்தினரும் திராவிட முன்னேற்றக் கழகத்தினரும் ரயில் நிலையப் பெயர்ப் பலகைகளில் இருந்த இந்தி எழுத்துகளைத் தார் பூசி அழித்தார்கள். எழுதுவது மட்டுமன்றி அழிப்பதும் ஓர் அறிக்கையாகலாம் என்பதைத் தமிழகம் கண்ட நிகழ்ச்சி அது. நகரத்துச் சுவரை ‘அசிங்கப்படுத்துதல்’ என்று ஒருவர் சொல்வதை இன்னொருவர் உரிமைப் போராட்டம் என்று சொல்லும் வழக்கு அங்கிருந்தே வலுப்பெற்றது. செய்தித்தாள் முதலாளிகளின் ஆதரவு இல்லாத, வானொலியில் இடம் கிடைக்காத ஓர் இளைய கட்சிக்கு மேடை, நாடகம், சிறுபத்திரிகை ஆகியவற்றோடு சுவரும் ஊடகமாயிற்று. சுண்ணாம்பு அடித்து, காவியிலும் நீலத்திலும் ஆள் உயர எழுத்துகளை ஓர் இரவில் எழுதி முடிக்கும் தொண்டர்கள் பலர் அழகிய கையெழுத்துக்காரர்களாகவும் இருந்தார்கள். தமிழ் எழுத்துருவின் நவீன வளைவுகளில் அவர்கள் கைக்கும் பங்குண்டு என்று சொல்வது மிகையாகாது. 1957இல் முதன்முதலாகச் சட்டமன்றத் தேர்தலில் நின்ற தி.மு.க., 1959இல் சென்னை மாநகராட்சியையே கைப்பற்றியது, அ. பொ. அரசு மேயரானார். 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதி சுவர்களிலிருந்தே வீடுகளுக்குள் நுழைந்தது.

சுவரை அதிகமாகப் பயன்படுத்திய கட்சி சுவர்களைக் காக்க வேண்டிய அமைப்பின் பொறுப்புக்கு வந்த அதே 1959இல்தான், பொது இடங்களின் தோற்றம் கெடுவதைத் தடுக்கும் சட்டத்தை மாநில அரசு இயற்றியது என்பது தற்செயல் ஒற்றுமையாக இருக்கலாம். அவ்வாண்டின் இரண்டாவது சட்டமான அது, பெயரளவில் அழகைப் பற்றியது. உள்ளடக்கத்திலோ எழுத்தின் பொருளைப் பற்றியது. பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் ‘ஆட்சேபகரமான’ விளம்பரம் செய்வதையே அது குற்றமாக்கியது. கொலை, நாசவேலை, வன்முறை ஆகியவற்றைத் தூண்டுவது, படையினரைக் கடமையிலிருந்து பிறழச் செய்வது, மத உணர்வைப் புண்படுத்துவது, ஆபாசமாகவோ மிரட்டிப் பணம் பறிக்கும் நோக்குடனோ இருப்பது ஆகியவை ஆட்சேபகரம் என்பதற்கு அச்சட்டம் தந்த விளக்கம். சுவர் அழுக்காவதைப் பற்றி அந்த விளக்கத்தில் எதுவும் இல்லை. அனுமதியின்றிச் செய்யும் விளம்பரமே குற்றம் என்ற கருத்து பின்னாள் திருத்தத்தால்தான் சேர்ந்தது. என்ன எழுதப்பட்டது என்பதிலிருந்து யாரைக் கேட்டு எழுதப்பட்டது என்பதற்குச் சட்டத்தின் கவலை நகர்ந்த இந்த மாற்றம், தமிழக அரசியலில் சுவர் அபாயமான ஊடகமாக இருந்த காலம் போய் வெறும் இடமாக மாறிய காலத்தையும் காட்டுகிறது.

ஏனென்றால் அதற்குள் சுவர் பங்கீட்டுக்கு உட்பட்டுவிட்டது. கட்சியின் பெயரையும் இத்தனையாம் ஆண்டு வரை என்ற கணக்கையும் மூலையில் எழுதிவைத்தால், அச்சுவர் அதுவரை அக்கட்சிக்கு ‘ரிசர்வ்’ என்று பொருள். வீட்டுக்காரர் சம்மதத்தை எப்போதும் கேட்டதில்லை. ஆனால் எதிர்க்கட்சிக்காரர் அந்த ஒதுக்கீட்டைப் பெரும்பாலும் மதித்தார். எழுதப்படாத இந்தச் சட்டம் எழுதப்பட்ட சட்டத்தைவிட ஒழுங்காக நடைமுறையில் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வீட்டுக்காரர்களிடம் இருந்த ஒரே ஆயுதம் ‘விளம்பரம் செய்யாதீர்’ என்று தாமே முந்திக்கொண்டு சுவரில் எழுதிவைப்பது; சுவர் கெடாமலிருக்கச் சுவரைக் கெடுத்துக்கொண்ட அந்த வாசகம் பெரும்பாலும் கட்சி எழுத்தைவிடக் கோணலாக இருந்தது. சிறுநீர் கழிப்பதைத் தடுக்கச் சாமி படம் பதித்த ஓடுகளை வரிசையாக ஒட்டும் வழக்கமும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. பிள்ளையாரும் இயேசுவும் மெக்காவின் படமும் ஒரே சுவரில் அருகருகே காவல் நிற்கும் காட்சி, அபராதத்துக்கு அஞ்சாதவர் பாவத்துக்கு அஞ்சுவார் என்ற மதிப்பீட்டின்மீது எழுந்தது.

மேலைநாட்டு நகரங்களில் கிராஃபிட்டி என்று அறியப்படுவது, ஓர் இளைஞன் தன் புனைபெயரைச் சுவரிலும் ரயில் பெட்டியிலும் நிறந்தெளிப்பான் கொண்டு எழுதிச் செல்வது, சென்னையில் பெரிதாக வேர்பிடிக்கவில்லை. தமிழ்த் தொல்லியலார் பழைய பானையோடுகளில் காணும் குறிகளுக்குக் ‘கீறல்’ என்ற நல்ல சொல்லை வைத்திருக்கிறார்கள். இன்றைய நகரத்துச் சுவருக்கு அச்சொல் பொருந்துவதேயில்லை. இங்கே சுவரில் எழுதுகிறவர் தம் பெயரை எழுதுவதில்லை. தலைவர், நடிகர், சோதிடர், மூலம் பௌத்திரத்துக்கு மருத்துவர், மனை விற்பவர் என்று பிறர் பெயரையே எழுதுகிறார். தம் பெயர் வரும் இடங்களிலும் அது வாழ்த்துவோர் பட்டியலின் அடியில் சிறு படத்தோடு வருகிறது. ‘கண்ணீர் அஞ்சலி’ சுவரொட்டி இதில் தனி வகை: ஒரு தெருவில் நிகழ்ந்த சாவை அத்தெருவுக்கு அறிவிக்கும் அந்தத் தாளை விளம்பரம் என்று எந்தச் சட்டப்பிரிவில் அடக்கினாலும், ஒட்டுகிறவருக்கும் நின்று படிக்கிறவருக்கும் அது சடங்கின் ஒரு பகுதி. இத்தகைய சுவரை மேலைநாட்டு நகர நிர்வாகத்தின் இளைஞர் குற்ற நோக்கில் அணுகும் கொள்கைகள் இங்கே பொருந்தாமற்போவதில் வியப்பில்லை.

தினக்கூலிகளின் வருகைப் பட்டியலான மஸ்டர் ரோலில் நடந்த ஊழலையடுத்து 1973இல் சென்னை மாநகராட்சி மன்றம் கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் 1996இல்தான் நடந்தது. தெருவைப் பற்றி முறையிட வார்டு உறுப்பினர் என்று ஒருவர் இல்லாத அந்த இருபத்து மூன்று ஆண்டுகளில் நகரம் பன்மடங்கு பெருத்தது. குப்பையில் பிளாஸ்டிக் பை நுழைந்ததும் அப்போதுதான். அந்த வெற்றிடத்தில் 1989இல் எம். பி. நிர்மல் தொடங்கிய எக்ஸ்னோரா இயக்கம், ஒவ்வொரு தெருவிலும் குடியிருப்போர் சங்கம் அமைத்து, மாதச் சந்தா வசூலித்து, மூன்று சக்கர வண்டியோடு ஒருவரை அமர்த்தி வீடுவீடாகக் குப்பை எடுக்கச் செய்தது. அவருக்கு ‘தெரு அழகாளர்’ என்று பெயர் சூட்டினார்கள். ஸ்ட்ரெய்ன்ஷாம் மாஸ்டர் வாங்க முயன்று தோற்ற வரியை, முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு நடுத்தர வர்க்கத் தெருக்கள் தாமாகவே கொடுக்க முன்வந்தன என்று இதைக் கூறலாம். ஆனால் தெரு அழகாளர் குப்பையைத் தெருமுனைத் தொட்டியில்தான் சேர்த்தார். தொட்டிக்கு அப்பால் எல்லாம் பழையபடியே நடந்தது.

1996இல் நேரடித் தேர்தலில் மேயரான மு. க. ஸ்டாலின் ‘சிங்காரச் சென்னை’ என்ற முழக்கத்தை வழக்கிற்குக் கொண்டுவந்தார். நகரத் திடக்கழிவைப் பற்றி உச்ச நீதிமன்றத்தில் நடந்த பொதுநல வழக்கின் விளைவாக 2000இல் நடுவண் அரசு விதிகளை வெளியிட்டது; அதே ஆண்டில் சென்னையின் மூன்று மண்டலங்களின் துப்புரவு முதன்முதலாக ஓனிக்ஸ் என்ற தனியார் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. ‘ஓனிக்ஸ் வண்டி’ என்பது சில ஆண்டுகள் சென்னைத் தமிழில் குப்பை வண்டிக்கே பொதுப்பெயராக இருந்தது. சீருடையும் அழுத்து வண்டிகளும் புதியவை. ஆனால் அள்ளும் குப்பையின் எடைக்கேற்பப் பணம் என்ற ஒப்பந்த முறையில், குப்பை குறைவதால் எவருக்கும் ஆதாயம் இல்லை. பிரித்து வாங்குவதும் மக்கச் செய்வதும் எடையைக் குறைக்கும் வேலைகள்; எடைக்குக் கூலி வாங்குகிறவர் அவற்றை விரும்பிச் செய்வார் என்று எதிர்பார்த்ததே பிழை. 2020இல் ஏழு மண்டலங்களை ஒரு ஸ்பானிய இந்தியக் கூட்டு நிறுவனத்திடம் விட்டபோதுதான் எடைக்குப் பதிலாகச் செயல்திறன் அளவைகள் வந்தன.

சுவரில் இதே காலத்தில் வேறொரு புரட்சி நடந்துகொண்டிருந்தது. தலைமைத் தேர்தல் ஆணையராக டி. என். சேஷன் 1990களில் நடத்தை விதிகளை இறுக்கியபின், தேர்தல் வந்தால் நகரத்துச் சுவர்களுக்கு வெள்ளையடிப்பது அதிகாரிகளின் முதல் வேலையாயிற்று. அடுத்த பத்தாண்டில் கணினியில் அச்சாகும் ஃபிளெக்ஸ் பேனர் வந்து, கையால் தட்டி வரைந்த ஓவியர்களின் பிழைப்பை ஓரிரு ஆண்டுகளில் முடித்துவைத்தது. சுவர் காலியானது; தெருவோ சாரமரங்களால் அடைபட்டது. 2019இல் பள்ளிக்கரணைச் சாலையில் சரிந்த பேனர் ஓர் உயிரைக் குடித்தபின்னரே பேனர்களைப் பற்றிய நீதிமன்றத்தின் முந்தைய ஆணைகள் சிறிது காலத்துக்கேனும் செயலுக்கு வந்தன. இதனிடையே 2009, 2010ஆம் ஆண்டுகளில் மாநகராட்சி ஒரு புது வழியைக் கையாண்டது: அண்ணா சாலை முதலிய முக்கியச் சாலைகளின் அரசுச் சுவர்களில் சுவரொட்டி ஒட்டத் தடைவிதித்து, வேலையிழந்த பேனர் ஓவியர்களையே அமர்த்தி, கோயில், ஏறுதழுவுதல், பரதம் என்று தமிழ்ப் பண்பாட்டுக் காட்சிகளை வரையச் செய்தது. ஓவியத்தின்மேல் ஒட்ட மக்களுக்கு மனம் வராது என்ற எதிர்பார்ப்பு ஓரளவு பலித்தது. சாமி ஓடு பதித்த வீட்டுக்காரரின் உத்தியைத்தான் மாநகராட்சி பெரிய அளவில் செய்தது. எனினும் வெயிலில் வண்ணம் வெளிறிய இடங்களில் பசை வாளி மீண்டும் வந்தது. பராமரிப்புக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி 1688இல் நின்ற இடத்திலேயே நின்றது.

குப்பை போய்ச் சேர்ந்த இடத்தைப் பற்றிய கேள்வியும் இனித் தவிர்க்க முடியாததாயிற்று. 1980களிலிருந்து வடக்கே கொடுங்கையூரும் தெற்கே பெருங்குடியும் நகரத்தின் இரு கொட்டுமிடங்களாக வளர்ந்தன. முன்னது ஏறக்குறைய 340 ஏக்கர், பின்னது 225 ஏக்கர். பெருங்குடிக் கிடங்கு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மேலேயே அமைந்தது. வெள்ளநீரை வாங்கிக் கடலுக்கு விடும் அந்தச் சதுப்பைத் தூர்த்தவர்கள் அதைத் தரிசு என்றே கணக்கில் எழுதியிருந்தார்கள். 2011இல் மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது, ஊருக்கு வெளியே என்று கருதப்பட்ட பெருங்குடி ஊருக்கு உள்ளேயே வந்துவிட்டது. 2022 ஏப்ரலில் அக்கிடங்கில் பற்றிய தீ பல நாட்கள் புகைந்து தென்சென்னையை இருமவைத்தது. அதே ஆண்டில்தான் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் ராம்சர் உடன்படிக்கையின்கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. நாளொன்றுக்கு ஐயாயிரம் டன்னுக்குமேல் குப்பை சேரும் நகரம், பழைய குப்பை மலைகளைத் தோண்டிச் சலித்து, மண்ணையும் பிளாஸ்டிக்கையும் பிரித்து நிலத்தை மீட்கும் ‘பயோமைனிங்’ வேலையை இப்போது செய்துவருகிறது.

துப்புரவுப் பணியாளர் என்ற பெயர் தூய்மைப் பணியாளர் என்று அரசாணைகளில் மாறியது. 2025 ஆகஸ்டில், இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் பணியைத் தனியாரிடம் ஒப்படைப்பதை எதிர்த்து அந்தத் தூய்மைப் பணியாளர்கள் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகையின் முன் பதின்மூன்று நாட்கள் அமர்ந்திருந்தார்கள். நள்ளிரவில் காவல்துறை அவர்களை அங்கிருந்து அப்புறப்படுத்தியது. பெயர் மாற்றத்தை அவர்கள் எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்டது நிரந்தரப் பணியும் குறையாத கூலியும்.

பெருங்குடிக் கிடங்கிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், அதே சதுப்பின் ஓரத்தில், ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர் இருக்கிறது. கூவத்தின் கரையிலும் நகரின் பிற பகுதிகளிலும் இருந்த குடிசைகளை அகற்றி, அங்கே வாழ்ந்தவர்களைக் குடியமர்த்துவதற்காக 2000இலிருந்து குடிசை மாற்று வாரியம் எழுப்பிய பதினையாயிரத்துக்கும் மேற்பட்ட சிறு வீடுகள் அங்கே உள்ளன. நகரத்து வீடுகளையும் அலுவலகங்களையும் தெருக்களையும் பெருக்கித் துடைக்கும் பெண்கள் பலர் விடியுமுன் பேருந்து ஏறுவது அங்கிருந்துதான். 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு கலை அறக்கட்டளையும் வண்ணப்பூச்சு நிறுவனமொன்றும் மாநகராட்சியோடு சேர்ந்து அந்த அடுக்குமாடிகளின் பக்கச் சுவர்களில் பல மாடி உயர ஓவியங்களைத் தீட்டின. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் ஓவியர்கள் வந்தார்கள், ‘கலை மாவட்டம்’ என்ற பெயரும் வந்தது. சிரிக்கும் முகங்களும் விளையாடும் குழந்தைகளும் நிறைந்த அந்தச் சுவர்களில் சுவரொட்டி ஒட்டுவோர் மிகக் குறைவு. ஓவியங்களைப் பார்க்க நகரத்திலிருந்து வருகிறவர்கள் படம் எடுத்துக்கொண்டு மாலைக்குள் திரும்பிவிடுகிறார்கள். குப்பை லாரிகள் துரைப்பாக்கம் வழியே பெருங்குடிக்குப் போய்க்கொண்டிருக்கின்றன.